வெற்றுக் குளிசை விழுங்கின 163 பேர்

மூளைக்குள் கட்டி இருக்கிறதென்று தெரிந்த 163 பேருக்கு, நாளுக்கு ஒன்றாக, மருந்தே இல்லாத குளிசையைக் கொடுத்தார்கள். மாதக்கணக்கில் கொடுத்தார்கள். கொடுத்தது சந்திக்குச் சந்தி பலகை மாட்டி வைத்திருக்கிற போலி வைத்தியர்கள் இல்லை. 10 நாடுகளில் 77 மருத்துவ நிலையங்களில் மூளைப் புற்றுநோயில் பெயர்பெற்ற நிபுணர்கள். இன்னொரு 168 பேருக்கு உண்மையான மருந்து. யாருக்கு எது போகிறதென்று விழுங்குகிறவருக்கும் தெரியாது, எழுதிக் கொடுக்கிற மருத்துவருக்கும் தெரியாது.

எங்கட வாசிப்பு வட்டத்தில் இதைக் கதைக்கத் தொடங்கினதும் வந்த முதல் சொல் "அநியாயம்". அந்தச் சொல்லைச் சொன்னவ இன்னும் அதில்தான் நிற்கிறா, அவவின் கோபம் எங்களுக்கு விளங்காமலும் இல்லை. ஆனாலும் எங்களில் பெரும்பாலானோர் வேறு முடிவுக்கு வந்திருக்கிறம்: அந்தப் பரிசோதனையில் மிகவும் நேர்மையான பகுதியே அந்த வெற்றுக் குளிசைதான். அநியாயம் இருக்கிறது, இல்லையெண்டு சொல்ல வரேல்லை. அது இருக்கிற இடம் வேறு.

மருந்தின் பெயர் வோராசிடெனிப். பரிசோதனையின் பெயர் இண்டிகோ. (வரலாறு படிக்கிற எங்களுக்கு இண்டிகோ எண்டதும் 1859இல் வங்காளத்து விவசாயிகள் அவுரி பயிரிட மாட்டோமென்று கிளர்ந்ததுதான் ஞாபகம் வரும். இந்தப் பெயரை வைத்தவர்களுக்கு அது ஞாபகம் வந்திருக்காது.) 2020 தொடக்கத்தில் ஆட்களைச் சேர்க்கத் தொடங்கி, மொத்தம் 331 பேரைச் சேர்த்து, 2023 யூனில் முடிவுகளை வெளியிட்டார்கள். 2024 ஓகஸ்ட் 6ஆம் திகதி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அதை அனுமதித்தது. அதிலிருந்துதான் "மூளைப் புற்றுநோய்க்குக் குளிசை வந்துட்டுது" என்கிற மாதிரியான பதிவுகள் வாட்ஸப் குழுக்களுக்குள் உலாவத் தொடங்கின. அந்தப் பதிவுகளில் இல்லாத ஒரு சொல்லில்தான் எல்லாமே தங்கியிருக்கிறது. அந்தச் சொல் ஐ.டி.எச்.

நாங்கள் ஒருத்தரும் உயிரியல் படிக்கிற ஆக்கள் இல்லை. ஓ.எல். விஞ்ஞானத்தோடு கும்பிட்டுவிட்டுக் கலைப்பீடத்துக்கு வந்தவர்கள். ஆனால் இந்தக் கதை ஓர் எழுத்துப் பிழையில் தொடங்குகிறபடியால் எங்களுக்கும் கொஞ்சம் சொந்தம். ஐ.டி.எச்1 என்று ஒரு மரபணு எல்லோருடைய கலங்களிலும் இருக்கிறது. ஒரு நொதியத்தை எப்படிச் செய்வதென்ற குறிப்பு அதில் எழுதியிருக்கிறது. அந்த நொதியத்தில் 132ஆவது இடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் வரவேண்டும். மரபணுவில் அதற்குரிய மூன்றெழுத்தில் நடு எழுத்து ஒன்றே ஒன்று மாறிவிட்டால் ஆர்ஜினின் இருக்கவேண்டிய இடத்தில் ஹிஸ்டிடின் வந்து குந்திவிடும். புலி புளியாவதுபோல ஒற்றை எழுத்து. அவ்வளவுதான் விகாரம்.

சும்மா வேலை செய்யாமல் போயிருந்தால் கூடப் பரவாயில்லை. இந்தப் பிழையான நொதியம் புதிதாக ஒரு வேலையைத் தொடங்கிவிடுகிறது. வழமையாக அது உண்டாக்கித் தரவேண்டிய பொருளையே எடுத்து, 2-ஹைட்ரொக்சிகுளூட்டரேற் என்ற வேறொன்றாக மாற்றிக் குவிக்கிறது. அது குவியக் குவிய, கலத்துக்குள் எந்த மரபணு திறக்க வேண்டும் எது மூட வேண்டும் என்று ஒழுங்குபடுத்துகிற வேலை குழம்புகிறது. கலம் முதிர்ந்து தன்ர தொழிலுக்குப் போகாமல், வளராத பிள்ளை மாதிரிப் பெருகிக்கொண்டே இருக்கிறது. வோராசிடெனிப் அந்தப் பிழையான நொதியத்தில் போய் ஒட்டி அதன் புதுத் தொழிலை நிறுத்துகிறது. மூளைக்குள் போகிற இரத்தக் குழாய்கள் பெரும்பாலான மருந்துகளை உள்ளே விடாது. இந்த மூலக்கூறு அதைத் தாண்டிப் போகும்படி செய்யப்பட்டது. இலக்கு வைத்த மருந்து என்று சொல்வது இதைத்தான். கண்ணில் படுகிற கலத்தையெல்லாம் அடிக்கிற கீமோவிலிருந்து வேறுபடுகிறது.

இந்த மரபணுவைப் புற்றுநோயோடு சேர்த்து 2008க்கு முதல் ஒருத்தரும் பெரிதாக யோசித்ததில்லை. அந்த வருடம் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட ஓர் ஆய்வுக்குழு 22 பேருடைய மூளைக்கட்டிகளை எடுத்து, 20,000க்கு மேற்பட்ட மரபணுக்களை வரிவரியாக வாசித்தது. எதைத் தேடுகிறோம் என்று தெரியாமலே வாசித்தது. அப்போதுதான் இது கண்ணில் பட்டது, அதுவும் வயது குறைந்த நோயாளிகளில் அதிகமாக. அடுத்த வருடமே, 2ஆம், 3ஆம் தரக் கட்டிகளில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில் இந்த விகாரம் இருப்பது தெரிய வந்தது. ஆராய்ச்சி எண்டால் பயன் என்ன, வேலை கிடைக்குமா என்று எங்களிடம் ஒவ்வொரு கலியாண வீட்டிலும் கேட்கிற மாமாமாருக்கு இந்த 22 பேர் கதையைச் சொல்லலாம் என்று நினைத்து வைத்திருக்கிறம்.

இப்ப அந்த 163 பேரிடம் வருவம்.

இவர்களுக்கு இருந்தது 2ஆம் தரக் கட்டி. மெதுவாக வளர்வது. பெரும்பாலும் 30, 40 வயதுகளில் வரும். வேலைக்குப் போய்க்கொண்டு, சின்னப் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு இருக்கிற வயது. ஒருநாள் திடீரென்று வலிப்பு வரும், எம்.ஆர்.ஐ. எடுத்தால் கட்டி தெரியும். சத்திரசிகிச்சை செய்து எடுக்கக்கூடியதை எடுப்பார்கள், ஆனால் முழுவதும் எடுக்க ஏலாது. மிச்சம் வேர்விட்ட புல்லுப் போல நல்ல மூளையோடு கலந்து கிடக்கும். மெதுவாக என்று சொன்னதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வருடங்கள் போகப் போக அது தரம் கூடி, வேகம் கூடி, கடைசியில் ஆளைக் கொண்டுபோகும்.

சத்திரசிகிச்சைக்கும் அந்தக் கடைசிக்கும் இடையில் என்ன செய்வது? கதிர்வீச்சும் கீமோவும் இருக்கின்றன. அவை உதவுகின்றன. 1998க்கும் 2002க்கும் இடையில் ஆட்களைச் சேர்த்த ஓர் அமெரிக்கப் பரிசோதனையில், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 7.8 வருடம், கீமோவும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 13.3 வருடம். ஆனால் கதிர்வீச்சுக்கு ஒரு விலை உண்டு. நெதர்லாந்தில் இப்படிப்பட்ட நோயாளிகளைச் சராசரி 12 வருடங்களுக்குப் பிறகு கூப்பிட்டுச் சோதித்தார்கள். கதிர்வீச்சுப் பெறாதவர்களின் சிந்தனைத் திறன் பெரிதாக மாறவில்லை, பெற்றவர்களுக்குக் கவனம் செலுத்துகிற ஆற்றல் குறைந்துகொண்டே போயிருந்தது. 32 வயதில் ஒரு ஆசிரியைக்கு இதைச் செய்வதா, கொஞ்சக் காலம் பொறுத்துப் பார்ப்பதா? அதனால் ஆபத்துக் குறைந்தவர்கள் என்று கருதப்படுகிறவர்களிடம் மருத்துவர்கள் சொல்வது: பொறுங்கோ, மூன்று நான்கு மாதத்துக்கு ஒருக்கா ஸ்கான் எடுப்பம், வளர்ந்தால் பார்ப்பம்.

இண்டிகோவில் சேர்க்கப்பட்டவர்கள் இந்தப் பொறுத்திருக்கிற ஆட்கள். சத்திரசிகிச்சை முடிந்து ஒன்றிலிருந்து ஐந்து வருடங்களுக்குள் இருந்தவர்கள். வேறு சிகிச்சை பெறாதவர்கள், உடனே வேண்டிய நிலையிலும் இல்லாதவர்கள். வெற்றுக் குளிசை வாங்கினவர்களிடமிருந்து எந்தச் சிகிச்சையும் பறிக்கப்படவில்லை. பரிசோதனைக்கு வராமல் வீட்டில் இருந்திருந்தாலும் அவர்களுக்குக் கிடைத்திருக்கக்கூடியது அதே காத்திருப்பும் அதே ஸ்கானும்தான். தங்களுக்கு வருவது வெறுங்குளிசையாக இருக்கலாம் என்று சொல்லித்தான் கையொப்பம் வாங்கினார்கள்.

அநியாயம் என்று சொன்ன எங்கட தோழி அப்போது தஸ்கீகியைக் கொண்டுவந்தா. அமெரிக்காவின் அலபாமாவில் 1932 தொடங்கி 40 வருடங்கள், சிபிலிஸ் நோயுள்ள கிட்டத்தட்ட 400 கறுப்பின ஆண்களை மருந்து கொடுக்காமல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்களே, அது. பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. உங்களுக்கு வைத்தியம் செய்கிறம் என்று பொய் சொல்லியே வைத்திருந்தார்கள். இந்த ஒப்பீட்டைத் தட்டிக்கழிக்கக் கூடாது, ஏனெண்டால் வெற்றுக் குளிசை என்ற சொல்லைக் கேட்டதும் உடம்பு கூசுவதற்கான வரலாற்றுக் காரணம் அதுதான். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் வடிவாகத் தெரியும். அங்கே வேலை செய்கிற மருந்து இருந்தது, மறைத்தார்கள். இங்கே மருந்து வேலை செய்யுமா என்பதே ஒருத்தருக்கும் தெரியாது. மருந்து தீங்கு செய்யவும் கூடும். உண்மையில் மருந்து வாங்கினவர்களில் 10 பேருக்கு ஒருவருக்குக் கிட்ட ஈரல் நொதியங்கள் கடுமையாக உயர்ந்தன. வெறுங்குளிசைக் குழுவில் அப்படி ஒருத்தருக்கும் நடக்கவில்லை. யாருக்கு அதிர்ஷ்டம் என்று முதல் நாளே சொல்ல ஏலாது.

சரி, மருந்தை எல்லோருக்கும் கொடுத்துவிட்டுக் கட்டி வளருதா என்று பார்த்திருக்கலாமே? இங்கேதான் இந்த நோயின் மெதுவான குணம் ஆய்வாளர்களுக்குப் பொறி வைக்கிறது. தானாகவே மெதுவாக வளர்கிற ஒன்று, மருந்து கொடுத்த பிறகும் மெதுவாக வளர்ந்தால், அது மருந்தின் வேலையா கட்டியின் குணமா? ஸ்கான் படத்தில் ஓரிரு மில்லிமீற்றர் கூடியிருக்கா இல்லையா என்று பார்க்கிறவர் மனிதர். ஆளுக்கு மருந்து போகிறது என்று தெரிந்தால் அவருடைய கண் கொஞ்சம் இரக்கப்படும். அடுத்த சிகிச்சையை எப்போது தொடங்குவது என்று முடிவெடுக்கிற மருத்துவரும் அப்படித்தான். எங்கட விடைத்தாள்களில் பெயருக்குப் பதிலாகச் சுட்டெண் போடச் சொல்வது ஏனென்று யோசித்தால் இது விளங்கும்.

முடிவு என்ன வந்தது? மருந்து வாங்கினவர்களில் நோய் முன்னேறாமல் இருந்த இடைநிலைக் காலம் 27.7 மாதம். வெறுங்குளிசைக் குழுவில் 11.1 மாதம். வெறுங்குளிசைக் குழுவில் கட்டியின் கனவளவு ஆறு மாதத்துக்கு 14 சதவீதமளவில் கூடிக்கொண்டு போக, மருந்துக் குழுவில் சராசரியாக 2.5 சதவீதம் சுருங்கியது. 18 மாதம் கழித்து, மருந்துக் குழுவில் 85.6 சதவீதமானோர் அடுத்த சிகிச்சை தேவைப்படாமல் இருந்திருக்கிறார்கள், மற்றக் குழுவில் 47.4 சதவீதம். மருந்துகளைப் பற்றி வருகிற பெரும்பாலான செய்திகளில் வித்தியாசத்தைத் தேடுவதற்குப் பூதக்கண்ணாடி வேண்டும். இதில் வேண்டாம். அந்த 163 பேர் இல்லாமல் இந்த இலக்கங்களில் ஒன்றுகூட இல்லை என்பதைத்தான் நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்ல விரும்புகிறம்.

ஆனால் இந்த இலக்கங்கள் சொல்லாத ஒன்று இருக்கிறது. அந்த மருந்தால் ஆள் கூடக் காலம் உயிரோடிருப்பாரா?

கட்டி வளராமல் இருந்தால் ஆயுள் கூடும்தானே என்று சாதாரணமாக நினைக்கத் தோன்றும். அப்படி நினைக்க ஏலாது என்பதற்கு இதே நோயில் ஓர் உதாரணம் இருக்கிறது. 2005இல் வெளிவந்த ஐரோப்பியப் பரிசோதனை ஒன்றில், 314 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு உடனே கதிர்வீச்சு, மற்றப் பகுதிக்குக் கட்டி வளர்ந்த பிறகு கதிர்வீச்சு. உடனே பெற்றவர்களுக்குக் கட்டி வளராத காலம் 5.3 வருடம், தாமதித்தவர்களுக்கு 3.4. தெளிவான வெற்றி. ஆனால் மொத்த ஆயுளைப் பார்த்தால் 7.4 வருடமும் 7.2 வருடமும். ஒன்றுதான். படத்தில் வென்றது, வாழ்க்கையின் நீளத்தில் வெல்லவில்லை. இதை அறிந்துகொண்டு வோராசிடெனிப் "உயிர் காக்கும்" மருந்து என்று எழுதுவது எங்களால் முடியாது. தள்ளிப்போடுகிற மருந்து என்று எழுதலாம். தள்ளிப்போடுவது என்ன சின்னக் காரியமா? கதிர்வீச்சை இரண்டு வருடம் தள்ளிப்போட்டால், அந்த இரண்டு வருடமும் ஒருத்தர் தன்ர முழு ஞாபகத்தோடும் வேலைக்குப் போவார், பிள்ளையின் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்குப் போவார். பிறகு வந்த பகுப்பாய்வொன்றில் மருந்து வாங்கினவர்களுக்கு வலிப்பும் குறைந்திருப்பது தெரிந்தது. வலிப்பு இல்லாத மாதத்தின் பெறுமதி வலிப்பு வருகிறவருக்குத்தான் தெரியும்.

ஆயுள் விஷயம் இனியாவது தெளிவாகுமா என்பதில்தான் சிக்கல். பரிசோதனையின் விதிப்படி, வெறுங்குளிசை வாங்கின ஒருவருக்குக் கட்டி வளர்ந்தது உறுதியானால் அவர் உண்மை மருந்துக்கு மாறலாம். முடிவுகள் வெளிவந்த நேரத்தில் 52 பேர் மாறியிருந்தார்கள். அதோடு, இடையில் தரவுகளைப் பார்த்த சுயாதீனக் குழு வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இருப்பதைக் கண்டு, 2023 மார்ச்சில் திரையை நேரத்தோடு விலக்கச் சொன்னது. மனிதத்தன்மையோடு பார்த்தால் வேறென்ன செய்ய முடியும்? தெரிந்த பிறகும் கொடுக்காமல் வைத்திருந்தால் அது தஸ்கீகிக்குப் போகிற பாதை. ஆனால் எல்லோரும் மருந்துக்கு மாறின பிறகு ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத குழு ஒன்று மிஞ்சாது. ஆயுள் கேள்விக்குச் சுத்தமான விடை கிடைக்கிற வாய்ப்பை அந்த நல்ல முடிவே குறைத்துவிட்டது. இரண்டு நல்லவை ஒன்றையொன்று வெட்டுகிற இடம் இது. மெய்யியல் துறை நண்பர்கள் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தருவதாகச் சொல்லி இரண்டு மாதமாகிறது.

எங்கட நிலைப்பாடு இதுதான். நோயாளிகள் தங்கள் பங்கைக் கொடுத்துவிட்டார்கள். மிச்சக் கடன் மருந்தை விற்கிறவருடையது. இந்த 331 பேரையும் இன்னும் 10, 15 வருடம் தொடர்ந்து பார்த்து, நல்லதோ கெட்டதோ, வந்ததை வந்தபடி பகிரங்கமாகப் போட வேண்டும். அனுமதி கிடைத்ததோடு அந்தப் பொறுப்பு முடிந்தது என்று விட்டுவிடக் கூடாது.

விற்கிறவர் யார் என்று பார்த்தால் இந்தக் கோரிக்கை ஏன் மரியாதைக்காகக் கேட்கிற கோரிக்கை இல்லை என்று விளங்கும். மருந்தை உருவாக்கியது அஜியோஸ் என்ற அமெரிக்கக் கம்பனி. 2021 ஏப்ரிலில் அதன் புற்றுநோய்ப் பிரிவு முழுவதையும் வாங்கியது பிரான்சின் சேர்வியே. அதற்குச் சில நாட்களுக்கு முதல்தான், 2021 மார்ச்சில், பரிஸ் நீதிமன்றம் ஒன்று அதே சேர்வியேயை மெடியாட்டர் என்ற மருந்து விவகாரத்தில் ஏமாற்றியதற்கும் கொலை நோக்கமில்லாத மரணங்களுக்கும் குற்றவாளியாகக் கண்டது. நீரிழிவுக்கென்று விற்கப்பட்டு, உடம்பு மெலிவதற்காக இலட்சக்கணக்கானோர் விழுங்கின மருந்து அது. இருதய வால்வுகளைப் பழுதாக்கியது. அதை வெளியே கொண்டுவந்தவர் பிரெஸ்ட் நகரத்து வைத்தியசாலையில் வேலை செய்த நுரையீரல் மருத்துவர் இரேன் ஃபிராஷோன். கோப்புகளைப் புரட்டி, நோயாளிகளை எண்ணி, கணக்குப் போட்டுக் காட்டினார். அந்தக் கதையை 2016இல் எமானுவெல் பெர்கோ படமாக எடுத்திருக்கிறார், திரைப்பட ஆர்வலர்கள் தேடிப் பாருங்கோ.

மெடியாட்டரைச் செய்தவன் செய்ததால் வோராசிடெனிப் கெட்டதாகிவிடாது. நாங்கள் சொல்வது அதற்கு நேரெதிர். கம்பனியின் முகத்தைப் பார்த்து நம்பவும் தேவையில்லை, வெறுக்கவும் தேவையில்லை என்ற நிலையை உண்டாக்கித் தருவதுதான் அந்த வெற்றுக் குளிசையும், மறைத்து வைத்த பெயர்களும், வெளியாளாக இருந்து ஸ்கானைப் பார்த்த கண்களும். அந்த ஏற்பாடு இல்லாவிட்டால் எங்களுக்கு மிஞ்சுவது கம்பனியின் வாக்கு மட்டும்தான்.

இப்ப காசு. இந்தப் பகுதியை எழுதும்போதுதான் எங்களுக்கும் கோபம் வந்தது. அஜியோஸ் கம்பனி தன் புற்றுநோய்ப் பிரிவை விற்றபோது, எதிர்காலத்தில் அமெரிக்காவில் வோராசிடெனிப் விற்பனையாகிற ஒவ்வொரு முறையும் தனக்கு ஒரு பங்கு வரவேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டது. 2024 மே மாதம், மருந்து அனுமதி பெறுவதற்கு முதலே, அந்தப் பங்கை ரோயல்டி ஃபார்மா என்ற இன்னொரு கம்பனி 905 மில்லியன் டொலருக்கு வாங்கச் சம்மதித்தது. ரோயல்டி ஃபார்மா மருந்து விற்கவில்லை, ஆஸ்பத்திரி நடத்தவில்லை. அதன் தொழில் இப்படிப்பட்ட பங்குகளை வாங்குவது. நாளைக்கு வலிப்பு வந்து விழப்போகிற ஒருவர் இன்னும் விழவே இல்லை, அவருடைய குளிசைக் காசில் யாருக்கு எவ்வளவு என்பது ஏற்கனவே விற்று வாங்கி முடிந்துவிட்டது. அமெரிக்காவில் இந்த மருந்துக்குக் குறித்திருக்கிற விலை மாதமொன்றுக்குப் பல்லாயிரம் டொலர். நாளுக்கு 40 மில்லிகிராம், ஒரு குளிசை, கட்டி வளராமல் இருக்கிற வரைக்கும், அதாவது வேலை செய்தால் வருடக்கணக்கில். மருந்து எவ்வளவு நன்றாக வேலை செய்கிறதோ அவ்வளவு நீளமான பில்.

எங்கட நாட்டில் அரச வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்கோ கதிர்வீச்சுக்கோ நோயாளியிடம் காசு கேட்பதில்லை. அந்தப் பெருமைக்குரிய ஏற்பாடு 2022இல் அடிப்படை மருந்துகளுக்கே திண்டாடினதை எல்லோரும் பார்த்தோம். அப்படிப்பட்ட ஏற்பாட்டுக்குள் இந்த விலை எப்படி நுழையும் என்பதை யோசித்துப் பார்க்கலாம். பொதுப் பணத்தில் வளர்ந்த பல்கலைக்கழக ஆய்வுகளில் கண்டுபிடித்த விகாரம், வெற்றுக் குளிசையை விழுங்கச் சம்மதித்த மனிதர்கள் தந்த ஆதாரம், கடைசியில் ஒரு கம்பனி குறிக்கிற விலை. அநியாயம் என்ற சொல்லை எங்கட தோழியிடமிருந்து கடன் வாங்கி நாங்கள் இங்கே வைக்கிறம்.

கடைசியாக, அந்த வாட்ஸப் பதிவுகள். எங்களில் ஒருவன்ர பெரியப்பாவுக்குப் போன வருடம் மூளையில் கட்டி. 61 வயது. சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த கிழமையே கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் சொந்தக்காரர் மாறி மாறி ஒரே செய்தியை அனுப்பிக்கொண்டிருந்தார்கள்: குளிசை வந்துட்டுதாம், எப்படியாவது எடுங்கோ. பெரியம்மா காணியை விற்றால் எத்தனை மாதத்துக்குக் காணும் என்று கணக்குப் போடத் தொடங்கிவிட்டா. மகன் உறுதியைத் தூக்கிக்கொண்டு ஒரு தரகரிடம் போயும் வந்துவிட்டான்.

பெரியப்பாவுக்கு இருந்தது கிளையோபிளாஸ்டோமா. பெரியவர்களுக்கு வருகிற கொடிய மூளைக்கட்டிகளில் மிக அதிகமாக வருவது அதுதான், அதில் அந்த எழுத்துப் பிழை இருப்பதில்லை. 2021இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வகைப்படுத்தலின்படி, ஐ.டி.எச். விகாரம் இருந்தால் அதைக் கிளையோபிளாஸ்டோமா என்று கூப்பிடுவதே இல்லை. விகாரமில்லாத கட்டிக்கு இந்தக் குளிசை கொடுப்பது பூட்டே இல்லாத கதவுக்குச் சாவி தேடுவது. விகாரம் இருக்கா என்று பார்ப்பது எப்போதும் பெரிய மரபணுச் சோதனையாக இருக்க வேண்டியதுமில்லை. சத்திரசிகிச்சையில் எடுத்த இழையத்துக்கு ஒரு சாயம் போட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தால் ஐ.டி.எச்1 விகாரங்களில் 10இல் 9 அளவுக்குப் பிடிபட்டுவிடும்.

ஆகவே இந்தச் செய்தியை யாருக்காவது அனுப்புகிறதென்றால் கூடவே மூன்று கேள்வியையும் அனுப்புங்கோ. கட்டி எத்தனையாம் தரம்? சத்திரசிகிச்சை தவிர வேறு சிகிச்சை நடந்ததா? அறிக்கையில் ஐ.டி.எச். என்று என்ன போட்டிருக்கு? அறிக்கை வீட்டில், அலுமாரிக்குள், ஸ்கான் படங்களோடு பையில் இருக்கும். ஆங்கிலத்தில் இருப்பதால் ஒருத்தரும் வாசித்திருக்க மாட்டார்கள். விளங்காவிட்டால் கிளினிக்குக்குக் கொண்டுபோய், இந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று மருத்துவரிடம் கேட்கலாம், அதற்குக் காசில்லை.

பெரியப்பாவின் அறிக்கையில் அந்த வரி மூன்றாம் பக்கத்தில் இருந்தது, கடைசிக்கு முதல் பந்தியில். காணி விற்கவில்லை.